'ஆச்சு' என்று சொல்லாத அக்கா

அந்த அக்காவுக்கு 'ஆச்சு' என்ற சொல் ஆகாது. காத்து அடிச்சாச்சு, நட்டு டைட் பண்ணியாச்சு, ஆயில் ஊத்தியாச்சு என்று நாம் எல்லோரும் நாளுக்கு நூறு தடவை சொல்கிறோம். அது அவர் காதில் விழுந்தால் போச்சு. கையில் இருக்கும் ஸ்பேனரை அப்படியே கீழே வைத்துவிடுவார். "ஆச்சுன்னா? யாரு பண்ணது? பேய் வந்து பண்ணிட்டுப் போச்சா?" என்பார். எதிரில் நிற்பவர் "நான் பண்ணேன்" என்று வாயைத் திறந்து சொல்லும் வரை அடுத்த வேலை நடக்காது.

ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டின்மேல் அவருடைய வீல் அலைன்மென்ட் கடை இருந்தது. தகரக் கூரை, ஒரு லிஃப்ட், சுவரில் மாதா படம், அதற்குக் கீழே வரிசையாக ஸ்பிரிங்குகள். அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது என்பது ஒரு காரணம். நான் செய்த காரியத்துக்குப் பிறகு அந்தப் பெயரை எடுக்க எனக்கு வாய் கூசுகிறது என்பது இன்னொரு காரணம். கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் 'அலைன்மென்ட் அக்கா'. நாற்பத்தைந்து வயது இருக்கும். சுடிதாருக்கு மேலே ஆண்கள் போடும் காக்கிச் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை.

அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். பட்டாளமும் போய் பென்ஷனும் போய், அந்த வீட்டில் மிச்சம் இருந்தவை இரண்டே சொற்கள்தான். யாராவது டீ வாங்கிக் கொடுத்தால் 'மெர்சி' என்பார். பிடிக்காத வாடிக்கையாளர் வந்தால் 'முசியே' என்பார். 'ஐயா' என்று மரியாதையாகக் கூப்பிடுவதுதான் அது. ஆனால் அவர் ஒருவரை முசியே என்று அழைத்துவிட்டால், அந்த ஆள் இனி வேறு கடை பார்த்துக்கொள்வது நல்லது என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் எல்லாம் தம்பி, தங்கச்சி, வா, போ.

காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நெயில் பாலிஷ் பாட்டில் இருக்கும். கத்திரிப்பூ நிறம். அதை அவர் நகத்தில் போட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஒரு நட்டை இறுக்கி முடித்ததும் அந்தப் பாட்டிலைத் திறந்து, நட்டில் தொடங்கி போல்ட்டில் முடிகிற மாதிரி ஒரு சின்னக் கோடு இழுப்பார். பிறகு நட்டு கொஞ்சம் நழுவித் திரும்பினாலும் கோடு இரண்டாக உடைந்துவிடும். குனிந்து பார்த்தால் போதும், தெரிந்துவிடும். அவர் கை பட்ட வண்டிகளின் அடிவயிற்றில் எல்லாம் கத்திரிப்பூக் கோடுகள் இருக்கும்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்ததற்கு என்னுடைய கெட்ட பழக்கம்தான் காரணம். கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக் கடை வைத்திருக்கிறேன். காலை முதல் இரவு வரை கவலை முகங்களாகவே பார்க்கிற தொழில். சென்னைக்கு வெளியே ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களைப் போன்ற சாதாரண ஆட்களுக்கும் அதைத் திறந்துவிடுவார்கள். பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஆசை தீரச் சுற்றிவிட்டு வரலாம். என் பழைய சின்னக் காரை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பிவிடுவேன். "பெட்ரோலப் போட்டு வட்டம் சுத்தணும்னா நம்ம பஸ் ஸ்டாண்டயே சுத்தி வந்தா பத்தாதா?" என்பாள் என் மனைவி சுமதி. அவள் கேட்பது நியாயம்தான். ஆனால் நியாயமாக ஆசைப்பட்டவன் எவன் இருக்கிறான்?

முதல்முறை போனபோதே சண்டை.

"வளைவுல மூக்கு உள்ள போவ மாட்டேங்குதுக்கா. நேரா வெளிய இழுத்துக்கிட்டுப் போவுது" என்றேன்.

"எப்ப? பிரேக்க விட்ட உடனேயா, ஆக்ஸிலேட்டர மிதிக்கறப்பவா?"

"பிரேக் அடிச்சாச்சு. ஸ்டீயரிங்கத் திருப்பியாச்சு. அதுக்கப்பறம்தான்…"

"யாரு?"

காது கேட்கவில்லையோ என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

"கேட்டுச்சு. திருப்புனது யாருன்னு கேக்கறேன்."

"நான்தான். வண்டியில வேற யாரு இருக்கறாங்க?"

"அப்ப நான் திருப்புனேன்னு சொல்லு. நீ திருப்பி அது போவலயா, இல்ல நீ திருப்பவே இல்லயான்னு எனக்குத் தெரியணும்ல?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம் என்று சாவியைக் கூட எடுத்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னது மண்டைக்குள் நின்றது. யோசித்துப் பார்த்தால், நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு ஒரு நொடி பயந்து சும்மா இருக்கிறேன், அதற்குப் பிறகுதான் திருப்புகிறேன். அதை அன்றைக்கே அவரிடம் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. அடுத்த வாரம் போய்ச் சொன்னேன். "பரவால்லயே" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வாங்கியவர்கள் யாரும் இல்லை.

அதன் பிறகு மூன்று வருஷம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். முன்பக்க ஷாக் அப்சார்பரின் திருகை இரண்டு கிளிக் இறுக்கினால், அந்த முறை டிராக்குக்குப் போய் வரும் வரை வேறு எதையும் தொடமாட்டார். நான் அவசரக்காரன். டயர் காற்றையும் குறைத்து ஸ்பிரிங்கையும் மாற்றிவிடலாம் என்பேன். "ரெண்டயும் மாத்திட்டா எது வேலை செஞ்சுதுன்னு எவன் சொல்லுவான்?" என்பார். பின்பக்கத்தைக் கொஞ்சம் விறைப்பாக்கினார். மூக்கு உள்ளே போக ஆரம்பித்தது. முன் சக்கரங்களின் தலையை ஒரு நூல் அளவு உள்பக்கம் சாய்த்தார். வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயும்போது டயர் முழுசாகத் தரையைப் பிடிக்க அந்தச் சாய்வு வேண்டும். கேம்பர் என்பார்கள்.

சக்கரச் சாய்வைப் பார்க்கும்போது ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவருடைய இன்னொரு சட்டம். ஆள் எடைக்கு வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துத்தான் அளப்பார். நான் கடையை விட்டு வர முடியாத நாட்களில் என் எடைக்கு எடை அரிசி மூட்டைகளை சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டும் போட்டுவிடுவார். ஒருநாள் சுமதி அதைப் பார்த்துவிட்டாள். "உங்களவிட மூட்டை அமைதியா ஒக்காந்திருக்குது" என்றாள். அக்கா சிரித்து நான் பார்த்த நாலைந்து தடவைகளில் அது ஒன்று. "ஆனா எங்க இழுக்குதுன்னு மூட்டை சொல்லாதே தங்கச்சி. தம்பி இருந்தா சொல்லிடும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும்.

மழை பெய்த ஒரு மத்தியானம், வேலை இல்லாமல் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோது, இந்த 'யாரு' எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"கடை ஆரம்பிச்ச புதுசு. வேளாங்கண்ணிக்குப் போற குடும்பம், டாக்ஸி. ஸ்டீயரிங் ராடு மாத்துனோம். நாங்க மூணு பேரு வேலை பாத்தோம். டைட் பண்ணியாச்சான்னு கேட்டேன். ஆச்சுக்கான்னு சத்தம் வந்துச்சு. நானும் டிரைவர்கிட்ட, ஆச்சுப்பா, கெளம்புன்னு சொன்னேன். கடலூர் தாண்டி நட்டு கழண்டு வண்டி வயல்ல எறங்கிடுச்சு. ஒரு கொழந்தைக்கி காறை எலும்பு ஒடஞ்சு போச்சு. ரெண்டு நாள் கழிச்சு டிரைவரு வந்து நின்னான். சண்ட போடல. டைட் பண்ணது யாருன்னு மட்டும் கேட்டான். நாங்க மூணு பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்கறோம்."

சாரல் படாமல் ஸ்டூலை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னி வரைக்கும் தெரியாது தம்பி. நான்தான் விட்டுட்டேன்னு தெரிஞ்சா கூட நிம்மதியா இருக்கும்."

அவர் கண்டிப்பானவர் என்று ஊரில் பேர். தப்புக்காக அவர் யார் மேலும் எரிந்து விழுந்ததை நான் பார்த்ததே இல்லை. ஒருமுறை தன் அம்மாவுக்கு மாத்திரை வாங்க என் கடைக்கு வந்தார். என்னிடம் வேலை பார்க்கும் செல்வராணி எல்லாவற்றையும் கவரில் போட்டு, "வெச்சாச்சுங்க" என்று நீட்டினாள். நான் கல்லாவில் இருந்தபடி கண்ணை மூடிக்கொண்டேன். நினைத்தபடியே ஆனது. "யாரும்மா வெச்சது?" என்று கேட்டுவிட்டு, கவரைக் கவிழ்த்து ஒவ்வொரு அட்டையாக டாக்டர் சீட்டோடு ஒப்பிட்டார். பிரஷர் மாத்திரை இரண்டு மடங்கு வீரியத்தில் இருந்தது. கடையில் ஏழெட்டு பேர் நிற்கிறார்கள். செல்வராணிக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான்தாங்க வெச்சேன். பக்கத்து டப்பாவுலேருந்து எடுத்துட்டேன்" என்றாள். நான் குதிக்கத் தயாரானேன். அக்கா என்னைக் கையமர்த்தினார். "நான்னு சொல்லிட்டால்ல, விடு. இனிமே அது கைதவறாது" என்று மாத்திரையை மாற்றி வாங்கிக்கொண்டு, "மெர்சி" சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு தன் அம்மாவுக்குச் செல்வராணி கையால்தான் மருந்து வாங்கினார்.

இதை எல்லாம் கண்ணால் பார்த்தவன் நான். அதனால்தான் எனக்கு மன்னிப்பே இல்லை.

மூன்றாம் வருஷக் கடைசியில் ஒருநாள் அவரும் டிராக்குக்கு வந்தார். அதற்கு முன்பும் இரண்டு மூன்று தடவை வந்திருக்கிறார். அங்கே அவருக்கு இன்னொரு சட்டம் உண்டு. வண்டியில் எதையாவது மாற்றினால் அதற்குப் பிறகு முதல் ரவுண்டு அவர்தான் ஓட்டுவார். மெதுவாக ஒரு சுற்று, கொஞ்சம் வேகமாக ஒரு சுற்று, அவ்வளவுதான். "என் கைவேலை. வுழுந்தா நான்தான் வுழுவணும்" என்பார். அதற்காகவே ஒரு ஹெல்மெட் வாங்கி வைத்திருந்தார்.

அன்றைக்கு எனக்கு நாலு முறை ஓட்ட நேரம் ஒதுக்கியிருந்தார்கள். மூன்று முடிந்தபோது இடது முன் டயரின் வெளி ஓரம் தேய்ந்து பிசிறாக இருந்தது. அந்த டிராக்கில் வேகமான ஒரு வலது வளைவு இருக்கிறது. அதில் வண்டியின் பாரம் முழுக்க இடது முன் சக்கரத்தின் மேல் விழும். அக்கா டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, சக்கரத்தின் தலையை இன்னும் அரை டிகிரி உள்ளே சாய்க்கலாம் என்றார். சக்கரத்தைக் கழற்றி, ஷாக் அப்சார்பரைப் பிடித்திருக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளைத் தளர்த்தி, அளந்து சாய்த்து, நட்டுகளை ஒப்புக்கு முடுக்கினார். மிச்சத்தை டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அதை அந்த ரென்ச்சில் வைத்துக்கொண்டால், சரியான இடத்தில் 'டக்' என்று சத்தம் கொடுக்கும். அதை எங்களுக்கு மூன்று கொட்டகை தள்ளியிருந்த சிவப்புக் கார்க்காரர்கள் இரவல் வாங்கிப் போயிருந்தார்கள்.

கடைசி ரவுண்டுக்கு இன்னும் பத்து நிமிடம் என்று மைக்கில் சொன்னார்கள். ஓட்டப் போகிறவர்களின் பெயருக்கு ஆபீசில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

"நான் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன்" என்றார். பிறகு அந்த மூன்று வருஷத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "ரென்ச்ச வாங்கி நீ டைட் பண்ணிடு. ரெண்டும் டக்குனு சொல்லணும்." சட்டைப் பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அந்தப் பாட்டில் அதற்கு முன் வேறு யார் கைக்கும் போய் நான் பார்த்ததில்லை.

ஓடினேன். சிவப்புக் காருக்குக் கீழே ஒருவர் எங்கள் ரென்ச்சோடு படுத்திருந்தார். "அஞ்சு நிமிஷம் பாஸ்" என்றார். நின்றேன். மைக்கில் ஏழு நிமிடம் என்றார்கள். இந்த ரவுண்டு போனால் அடுத்தது மூன்று மாதம் கழித்துத்தான். திரும்பி ஓடிவந்து, நீளமான ஸ்பேனரை மாட்டி, உடம்பு எடை முழுக்கப் போட்டு இரண்டு நட்டுகளையும் இறுக்கினேன். இறுக்கமாகத்தான் இருந்தது. டக் என்று எதுவும் சொல்லவில்லை, ஸ்பேனர் சொல்லவும் சொல்லாது. பாட்டிலைத் திறந்தேன். நட்டிலிருந்து போல்ட்டுக்கு இரண்டு கோடுகள் போட்டேன். அழகாகவே வந்தது. சக்கரத்தை மாட்டினேன்.

அக்கா வேகமாக நடந்து வந்தார். "யாரு டைட் பண்ணது?"

"நான்தான்."

"ரென்ச் வெச்சா?"

"நான் வெச்சு நான்தான் டைட் பண்ணேன்க்கா."

அவர் கேட்க விரும்பிய சொல்லை இரண்டு தடவை போட்டுப் பொய் சொன்னேன். அவர் தலையாட்டினார். மூன்று வருஷமாக எதையும் தன் கண்ணால் பார்க்காமல் விடாதவர், அன்றைக்குச் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்க்கவில்லை.

"ஹெல்மெட்ட எடு" என்றார்.

நேரம் இல்லாததால் அன்றைக்கு அவர் ஓட்டமாட்டார், நானே ஏறிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் கையெழுத்துப் போடப் போனதே தன் பெயருக்கும் சேர்த்துத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. "பரவால்லக்கா, நானே போறேன். டைம் இல்ல" என்றேன்.

"மொத ரவுண்டு என்னுது."

ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் தலையில் மாட்டி, கொக்கியைப் போட்டு, சீட்டைத் தன் உயரத்துக்கு முன்னால் இழுத்து, பெல்ட்டை மாட்டும் வரை எவ்வளவு நேரம் இருந்தது! 'அக்கா, ரென்ச் வைக்கல' என்று சொல்ல மூன்று நொடி போதும். பக்கத்துக் கொட்டகையில் பெரிய பெரிய கார்க்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் அசிங்கப்படக் கூடாது என்று நினைத்தேன். நாம் இறுக்கியது போதும், ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். வண்டி நகர்ந்துவிட்டது.

தடுப்புச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றேன். என் காரின் சத்தம் எனக்குத் தெரியும். தூரத்தில் அது ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. பத்தடி தள்ளி கொடியோடு ஒரு ஆள் நின்றிருந்தார். அவரிடம் சொன்னால் வண்டியை நிறுத்திவிடுவார். அவரை நோக்கி மூன்று அடி எடுத்து வைத்தேன். அதற்குள் கார் கடைசி வளைவில் தலைகாட்டியது. நேராக, நிதானமாக, கோடு போட்ட மாதிரி எங்களைக் கடந்து போனது. ஜன்னலுக்கு வெளியே கட்டைவிரல் தெரிந்தது.

அப்பாடா என்றிருந்தது. எடுத்து வைத்த மூன்று அடியையும் திரும்ப வைத்தேன். அந்தக் கட்டைவிரலை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

இரண்டாவது சுற்று, வேகமான சுற்று. சத்தம் ஏறியது. வலது வளைவு வரப்போகிறது என்று காதுக்கே தெரிந்தது. சத்தம் இன்னும் ஏறி, சட்டென்று நின்றது. டயர் கத்தவில்லை, எதுவும் மோதவில்லை. சும்மா நின்றுவிட்டது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து செம்மண் புழுதி எழுந்தது. கொடிக்காரர் மஞ்சள் கொடியைத் தூக்கினார்.

நான் கத்தினேனாம். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. சுவரைத் தாண்டப் போன என்னை யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். "உள்ள போவக் கூடாது சார், வண்டிங்க வருது" என்றார்கள். அவருடைய அம்மாவின் மாத்திரைச் சீட்டு கண்முன் வந்தது. யார் போய்ச் சொல்வது? என்னவென்று சொல்வது? அந்த ஒரு நிமிடத்தில் நான் என்னை எத்தனை தடவை செருப்பால் அடித்துக்கொண்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஓரமாக, ஊர்ந்து ஊர்ந்து, நாலு விளக்கும் மினுக்க என் கார் வந்தது. முன்பக்கம் முழுக்கப் புல்லும் மண்ணும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்தால்தான் நேராக வருகிறது. இடது சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்து நின்றது.

இறங்கினார். அடி எதுவும் இல்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டதில் ரத்தம். அதைக் காக்கிச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். "திருப்புனேன். பாதி வளைவுல டயர் தரைய வுட்டுடுச்சு. நேரா மண்ணுல வுட்டுட்டேன்" என்றார். அந்த நிலைமையிலும் திருப்பினேன் என்றுதான் சொன்னார்.

யாரையும் தொடவிடாமல் தானே சக்கரத்தைக் கழற்றினார். உட்கார்ந்து பார்த்தார். என் கத்திரிப்பூக் கோடுகள் இரண்டும் உடையாமல் அப்படியே இருந்தன. நட்டு ஒரு நூல் கூடத் திரும்பவில்லை. ஆனாலும் சக்கரம் சாய்ந்திருக்கிறது. நட்டு பிறகு தளரவில்லை, முதலிலேயே போதுமான அளவு இறுக்கப்படவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சரியாக அந்த நேரம் பார்த்துச் சிவப்புக் கார்க்காரர் வந்தார். "ரொம்ப தேங்க்ஸ்க்கா, இப்பதான் எங்க வேல முடிஞ்சுது" என்று ரென்ச்சை நீட்டினார்.

அக்கா அதை வாங்கினார். "மெர்சி" என்றார். என்னைப் பார்க்கவில்லை. சாய்வை மறுபடி அளந்து வைத்தார். ரென்ச்சை நட்டில் மாட்டி இழுத்தார். நான் உடம்பு எடை போட்டு இறுக்கியிருந்த இடத்தையும் தாண்டி, நட்டு கால் சுற்றுக்கு மேல் திரும்பிய பிறகுதான் 'டக்' என்றது. இரண்டாவதும் அப்படித்தான். என் கோடுகளைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுத்தார். பாட்டிலுக்காக என்னிடம் கை நீட்டினார். கொடுத்தேன்.

திரும்பி வரும் வழியில், திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தினேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, நான் ரென்ச் வெக்கல. ஸ்பேனர்லதான் டைட் பண்ணேன்" என்றேன்.

"தெரியும்."

"டைம் இல்லன்னு…"

"ஒரு ரவுண்டுதானே போயிருக்கும்?" என்றார். கோபமே இல்லாத குரல். "அது கூட வுடு. நான் ஹெல்மெட் கேட்டேன்ல, அப்பவாச்சும் சொல்லிருக்கலாம்ல?"

செல்வராணி ஏழெட்டு பேர் முன்னால் சொன்னதை என்னால் சொல்ல முடியாமல் போனது. என் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அவர் தன் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்தார்.

சுமதியிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அந்த அக்கா மூஞ்சியில எப்படி முழிக்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. டிராக்குக்கும் போகவில்லை. பிறகுதான் கேள்விப்பட்டேன், கோயம்புத்தூரில் ஒரு ரேஸ் டீமில் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், கடையைக் கொடுத்துவிட்டு அம்மாவோடு போகிறார் என்று. அவர் போவதற்குள் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று, அலைன்மென்ட் என்ற சாக்கில் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் எப்போதும் போலத்தான் இருந்தார். வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொன்னார். நான் வழக்கம்போல் சீட்டில் உட்காரக் கதவைத் திறந்தேன்.

"நீங்க எறங்கிக்குங்க. மூட்டை இருக்குது" என்றார்.

அரிசி மூட்டைகளை சீட்டில் தூக்கி வைத்து பெல்ட் போட்டார். நான் ஸ்பிரிங்குகளுக்குக் கீழே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் அவர் அளப்பதும் திருகுவதும் குனிவதும் நிமிர்வதுமாக இருந்தார். ரென்ச் ஒவ்வொரு தடவை டக் என்றபோதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மன்னிப்புக் கேட்க நாலு வாக்கியம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஒன்றுகூட வெளியே வரவில்லை. வேலை முடிந்து, மூட்டைகளை இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"லெஃப்ட் ஃப்ரண்ட் பாத்தீங்களாக்கா?" என்றேன்.

"பாத்தாச்சு, முசியே" என்றார்.

சாவியை என் கையில் வைத்துவிட்டு, அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

உழவர்கரையில் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஜாக்கி போட்டுத் தூக்கி, தரையில் துணியை விரித்துப் படுத்துப் பார்த்தேன். இடது முன்பக்கம், வலது முன்பக்கம், பின்னால் இரண்டும், எல்லா நட்டிலும் கத்திரிப்பூக் கோடு புதிதாக, ஈரம் காய்ந்த மினுக்கோடு இருந்தது. ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் அவர் கையால்தான் பார்த்திருக்கிறார். சுமதி வாசற்படியில் நின்று, "என்னங்க, எல்லாம் டைட்டா இருக்குதா?" என்று கேட்டாள்.

"இருக்குது" என்றேன்.

"யாரு பண்ணது, அக்காவேவா?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் அதை அவர் என்னிடம் சொல்லவில்லை.